பட்டணம் பார்க்கப் போன அமாவாசை

கெட்ட செய்தி சொல்லத் தெரியாத ஆள் என்று பரந்தாமனுக்கு அம்மையார்குப்பத்தில் ஒரு பெயர் உண்டு. அவனுடைய அப்பா வேலூர் ஆஸ்பத்திரியில் உயிரை விட்டபோது, 'வேற வார்டுக்கு மாத்தியிருக்காங்க' என்றுதான் வீட்டுக்குப் போன் செய்தான். வண்டி தெருவுக்குள் திரும்பிய பிறகுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. தறி ஓட்டிக்கொண்டிருந்த பச்சையப்பனை வேலையிலிருந்து நிறுத்த வேண்டி வந்த வருஷம், வேறொரு கொட்டகையில் அவருக்கு இடம் பிடித்துவிட்டு, 'அங்க ஆள் இல்லாம தவிக்கிறாங்க, போய் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க' என்று அனுப்பிவைத்தான். பச்சையப்பன் இன்றுவரை அங்கே ஒத்தாசை செய்துகொண்டிருக்கிறார்.

மற்றபடி யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நாலு விசைத்தறி வைத்திருந்தான். முதலாளியிடம் நூல் வாங்கி வந்து கூலிக்கு நெய்து கொடுப்பான். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் காதில் விழாது. அப்படிப்பட்ட இடத்திலேயே ஆயுளின் பாதியைக் கழித்ததாலோ என்னவோ, பேச வேண்டியதைத் தள்ளிப்போடுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

அவன் மனைவி காஞ்சனா சொந்தத் தாய்மாமன் மகள். சின்ன வயதில் கூப்பிட்டபடியே கல்யாணத்துக்குப் பிறகும் அவனைத் தெலுங்கு முறையில் 'பாவா' என்றுதான் கூப்பிட்டாள். குழந்தை இல்லை. அதற்காகப் பல வருஷம் சென்னைக்குப் போய்வந்தார்கள். அத்தனை முறை போயும் சென்னை என்றால் அவளுக்கு ஓர் ஆஸ்பத்திரி, அதன் வாசலில் ஒரு டீக்கடை, திரும்பி வரும் ரயில், இவ்வளவுதான். கடற்கரைக்கு அரை மணி தூரத்தில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டு வந்தவள் கடலைப் பார்த்ததே இல்லை. ரயில் கிளம்பும்போதெல்லாம், "ஒரு தடவயாவது ஊசி இல்லாம இந்த ஊருக்கு வரணும் பாவா" என்பாள். ஆங், வரலாம் என்பான். பிறகு டாக்டர் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதையும் அவன் சொல்லவில்லை. நர்ஸைச் சொல்லவைத்தான்.

அதற்கு அடுத்த வருஷம் அவனுடைய தம்பி திலீப்புக்குப் பெண் குழந்தை பிறந்தது. திலீப்பின் மனைவி சுஜாதா ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், நகரிக்காரி. பிரசவத்துக்குப் பிறகு அவளுக்கு இதயத்தில் கோளாறு என்று திருப்பதியில் சேர்த்தார்கள். பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காஞ்சனாவின் மடியில் வைத்தான் திலீப். எத்தனை நாளைக்கு என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

தேவிப்பிரியா என்று பெயர். வீட்டில் பாப்பா. தறிச் சத்தத்தில் தூங்கப் பழகி, சத்தம் நின்றால் விழித்துக்கொண்டு அழுகிற குழந்தையாக வளர்ந்தாள். காஞ்சனாவை அம்மா என்றும் பரந்தாமனை நைனா என்றும் கூப்பிட்டாள். சுஜாதா பிழைத்து எழ ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் திலீப்புக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, ஒற்றை அறையில் குடித்தனம். கொஞ்சம் நிமிரட்டும், பெரிய வீடாகப் பார்க்கட்டும் என்று சொல்லிச் சொல்லிக் குழந்தைக்கு மூன்றரை வயது ஆகிவிட்டது. மாதம் ஒரு முறை பெற்றவர்கள் வருவார்கள். மற்ற நாட்களில் குழந்தைக்கு அவர்கள் போனில் வரும் மம்மியும் டாடியும்தான்.

பொங்கலுக்கு வந்தபோது திலீப் அண்ணனைத் தனியாகக் கொட்டகைக்குக் கூட்டிப்போனான். ரெண்டு அறை வீடு பார்த்துவிட்டதாகவும், ஜூனில் குழந்தையை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னான். சுஜாதா தினம் அழுகிறாள் என்றான். பரந்தாமனால் என்ன சொல்ல முடியும்? உன் குழந்தைடா என்றான்.

"அண்ணிகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்று திலீப் கேட்டான்.

"நானே சொல்றேன்."

மாசி போயிற்று, பங்குனி போயிற்று, சித்திரையும் போயிற்று. எத்தனையோ தடவை தறியை நிறுத்திவிட்டு அவளிடம் வந்து நின்றிருக்கிறான். என்ன பாவா என்று நிமிர்ந்து பார்ப்பாள். தண்ணி குடு என்பான். அந்தக் கோடையில் அவன் குடித்த தண்ணீருக்கு அளவில்லை.

கடைசியில் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. குழந்தை போவதை அவள் கண்ணால் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். அவளைச் சென்னைக்குக் கூட்டிப்போய் ரெண்டு நாள் சுற்றிக்காட்டுவது, அந்த நேரத்தில் திலீப் குழந்தையைக் கூட்டிப் போய்விடுவது, திரும்பி வரும் ரயிலில் மெதுவாகச் சொல்வது. போனில் இதைக் கேட்ட திலீப்புக்கு மனசு ஒப்பவில்லை. அண்ணி என்னை மன்னிக்க மாட்டாங்க என்றான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டான் பரந்தாமன்.

நாள் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அமாவாசையன்று ஊரில் எந்தத் தறியும் ஓடாது. கைத்தறிக் காலத்திலிருந்து வருகிற வழக்கம். மின்சாரம் வந்த பிறகும் யாரும் மாற்றவில்லை. வைகாசி அமாவாசைக்குக் காலையில் கிளம்பி மறுநாள் சாயங்காலம் திரும்புவது என்று முடிவாயிற்று. நகரியிலும் தறிக் குடும்பங்கள்தான், அங்கேயும் அன்று லீவு, சுஜாதாவின் அப்பாவும் கூட வந்து மூட்டை தூக்க வசதி என்று கணக்குப் போட்டான்.

காஞ்சனா முதலில் குழந்தையை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றாள். திலீப்பும் சுஜாதாவும் ரெண்டு நாள் வந்து இருக்கப் போகிறார்கள், அந்த வெயிலில் குழந்தையை அலைக்க வேண்டாம் என்று அவன் சொன்னான். அவள் யோசித்தாள்.

"அதுவும் சரிதான். பெத்தவங்களோட ரெண்டு நாள் பழகட்டும். பாவம் சுஜாதா, நம்ம எதிர்ல புள்ளயத் தூக்கக்கூடக் கூச்சப்படறா."

அதைக் கேட்டுவிட்டு அவன் கொட்டகைக்குள் போய், எண்ணெய் தேவைப்படாத ஒரு தறிக்கு எண்ணெய் போட்டான்.

அமாவாசையன்று விடியலிலேயே காஞ்சனா குளித்துச் சமைத்துக் காக்கைக்கு வைத்துவிட்டாள். முந்தின நாளே வந்திருந்த சுஜாதாவின் அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சுஜாதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவள் காஞ்சனாவின் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தை, நைனா சீக்கிரம் வந்துடு என்று கையை ஆட்டியது. பரந்தாமன் காலில் போட்டிருந்த செருப்பையே கீழே தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

திருத்தணியில் ரயில் ஏறினார்கள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்ததில் காஞ்சனா குழந்தை மாதிரி ஆகிவிட்டாள். மடியில் பூவை வைத்துக்கொண்டு கட்டிக்கொண்டே, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். கடல், அதன் பக்கத்தில் இருக்கும் கலங்கரை விளக்கம், மெட்ரோ ரயில். பெரிய ஹோட்டலில் சாப்பிட வேண்டும். ஆனால் புடவைக் கடைக்குள் மட்டும் நுழையக் கூடாது.

"ஏன்?"

"வீட்ல பாக்கறது பத்தாதா? அங்க வந்தும் நீங்க முந்தானய விரல்ல வச்சுத் தேச்சுப் பாத்துகினு நிப்பீங்க. நான் வாட்ச்மேனோட நிக்கணும்."

அவன் சிரித்தான். அரக்கோணம் தாண்டியதும் அவள் இன்னொன்று சொன்னாள். இன்றைக்கு நாம் கிளம்பியது நல்லதாகப் போயிற்று. அமாவாசையில் சுஜாதா ஆட்கள் வாசப்படி தாண்ட மாட்டார்கள், நாள் முழுக்கக் குழந்தையோடு வீட்டில்தான் இருப்பார்கள், வெயிலில் எங்கேயும் தூக்கிக்கொண்டு அலைய மாட்டார்கள்.

பரந்தாமனுக்கு அப்போதுதான் உறைத்தது. தறிக்கு லீவு என்பது ரெண்டு பக்கமும் ஒன்றுதான். காரணம்தான் வேறு. தமிழ்ப் பக்கத்தில் அமாவாசை நிறைந்த நாள். நல்ல காரியத்தைக்கூட அன்று தொடங்குவார்கள். தெலுங்குப் பக்கத்தில் அன்று எதையும் தொடங்க மாட்டார்கள், பயணம் வைக்க மாட்டார்கள், ஒரு குழந்தையைப் புது வீட்டுக்குக் கூட்டிப்போவதைக் கனவில்கூட நினைக்க மாட்டார்கள். ரெண்டு பாஷையும் பேசி வளர்ந்தவனுக்கு இது தெரியாததல்ல. லீவை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு நாள் மறந்துபோயிருந்தது.

சென்ட்ரலில் இறங்கியதும், தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று ஒதுங்கிப் போய்த் திலீப்புக்குப் போன் செய்தான். அவள் சொன்னபடியேதான் நடந்திருந்தது. திலீப்பின் மாமனார் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். நாளைக்கு மத்தியானத்துக்கு மேல் கிளம்பி, திருத்தணியில் நகரி பஸ் பிடிப்பதாகத் திலீப் சொன்னான். "இன்னும் ஒரு நாள் இருக்குதுண்ணா. அண்ணிகிட்ட சொல்லிடேன். வந்து பாத்துட்டு அனுப்பட்டும்" என்றான்.

சரி என்றான் பரந்தாமன். திரும்பி வந்தபோது கையில் தண்ணீர் பாட்டில் இல்லை. காஞ்சனா கேட்கவுமில்லை. அவள் மேலே ஏறிப் போகும் படிகளை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகரும் படியில் முதல் காலை வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். இவன் ஏறி, அது பாட்டுக்கு இவனை மேலே கொண்டுபோக, கீழே அவள் மட்டும் நின்றாள். பாவா, பாவா என்று கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே நின்றாள். கடைசியில் ஒரு போலீஸ்காரம்மா கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். மேலே வந்ததும், கட்டுன பொண்டாட்டிய வுட்டுட்டு சாமி மாதிரி மேல போறீங்களா என்று தோளில் ஒரு குத்து விட்டாள்.

அன்று முழுக்க அவளுக்குச் சந்தோஷம். ஹோட்டலில் நெய் ரோஸ்ட் வந்தபோது அதன் நீளத்தைப் பார்த்து, இதை உடைக்க மனசே வரல என்றாள். அமாவாசை என்பதால் கறி மீன் கிடையாது, நாளைக்குப் பிரியாணி என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள். கலங்கரை விளக்கத்தின் மேலே நின்று காற்றில் புடவையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் இவ்வளவு பெரிய தண்ணி இங்கேயேவா இருந்தது என்று கேட்டாள். ஒவ்வொரு இடத்திலும் அவன் சொல்லிவிட நினைத்தான். சாப்பிடட்டும், பிறகு. கடலைப் பார்க்கட்டும், பிறகு.

வெயில் தாழ்ந்ததும் மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றார்கள். காஞ்சனா வீடியோவில் வீட்டைக் கூப்பிட்டாள். குழந்தையின் முகம் திரை முழுக்க வந்தது. அலையைக் காட்டினாள். அலை வரும்போது குழந்தை அங்கே வீட்டுக்குள் பின்னால் ஓடியது. போகும்போது மறுபடி திரைக்கு வந்தது. காஞ்சனா வயிறு குலுங்கச் சிரித்தாள். அடுத்த தடவை நீயும் வரலாம், கால் நனைக்கலாம் என்றாள். நைனா எங்கே என்று குழந்தை கேட்டது. போனை அவன் பக்கம் திருப்பினாள். பரந்தாமன் வாயில் சுண்டலைப் போட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான்.

போனை வைத்த பிறகு அவள் சுண்டல் பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தாள்.

"சுஜாதா அழுதிருக்கா பாவா. கண்ணு வீங்கியிருக்குது. நாளைக்கு வுட்டுட்டுப் போவணும்ல, அதான். இன்னொரு நாள் சேத்து இருந்துட்டுப் போன்னு சொல்லணும்."

அப்போது சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. அவள் மனம் அந்த நிமிஷம் சுஜாதா பக்கம் சாய்ந்திருந்தது. அவன் எழுந்து வேட்டியிலிருந்த மணலைத் தட்டினான். பஜ்ஜி சாப்பிடுறியா என்று கேட்டான்.

மறுநாள் காலையில் எழும்பூர் மியூசியத்துக்குப் போனார்கள். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டை அவள் ரெண்டு தடவை சுற்றி வந்தாள். பரந்தாமன் போனில் மணி பார்த்துக்கொண்டே இருந்தான். இப்போது கிளம்பினால்கூடப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று ஒரு மனசு சொன்னது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் எல்லாம் தானாக முடிந்துவிடும், சொல்ல வேண்டியதுகூட இருக்காது என்று இன்னொரு மனசு சொன்னது. ரெண்டாவது மனசின் பேச்சைக் கேட்டே பழகியவன் அவன். பத்து மணிக்கே பசிக்கிறது என்ற அவளை, வெண்கலச் சிலைகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நிறுத்தினான்.

பிரியாணிக் கடையில் கூட்டம். மாடியில் இடம் கிடைத்தது. சாப்பாடு வந்ததும் காஞ்சனா ஒரு கோழித்துண்டைத் தண்ணீரில் கழுவி, பிய்த்து ருசி பார்த்து, குழந்தைக்கு இது காரம்தான் என்றாள். பரிமாறியவரைக் கூப்பிட்டு, மூணு வயசுப் பிள்ளை சாப்பிடுகிற மாதிரிக் காரமில்லாமல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அவர் இருக்கிறது என்றார். பார்சல் கட்டவா என்றார்.

"வாணாங்க" என்றான் பரந்தாமன்.

"ஏன் வாணாம்? நீங்க கட்டுங்கண்ணா."

"சாயங்காலத்துக்குள்ள கெட்டுப்பூடும்."

"கெட்டாத் தூக்கிப் போடறேன். பாப்பா நேத்தே கேட்டா, இன்னா வாங்கினு வர்றன்னு."

"பாப்பா வீட்ல இருக்க மாட்டா காஞ்சனா."

அவள் சிரித்தாள். "ஏன், உங்க தம்பியும் டூரு கூட்டினு போறாரா?"

"ஸ்கூல்ல சேக்கக் கூட்டினு போறாங்க. இனிமே அங்கதான்."

பரிமாறியவர் சத்தமில்லாமல் அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். காஞ்சனாவின் கை தட்டிலேயே இருந்தது. முகத்தில் அந்தச் சிரிப்புகூட முழுதாகப் போகவில்லை. அதை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தாள்.

"எப்ப?"

"இன்னிக்கு. மத்தியானத்துக்கு மேல."

"உங்களுக்கு எப்பத்துலருந்து தெரியும்?"

"பொங்கல்லருந்து."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் பேச ஆரம்பித்தான். நீ தாங்க மாட்டாய் என்று, பார்த்தால் விட மாட்டாய் என்று, குழந்தை அழுதால் யாருக்கும் தாங்காது என்று. நேற்றே போயிருக்க வேண்டியது, அமாவாசை என்று நின்றுவிட்டார்கள் என்றும் சொல்லிவிட்டான். சொல்லத் தொடங்கியதும் அவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"இதுக்குத்தான் கூட்டினு வந்தீங்க" என்றாள் காஞ்சனா.

எழுந்து கை கழுவப் போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது புடவைத் தலைப்பெல்லாம் நனைந்திருந்தது. பையைத் தோளில் மாட்டியிருந்தாள். எழுந்திரிங்க என்று மட்டும் சொன்னாள்.

சென்ட்ரலில் அவன் டிக்கெட் வரிசையில் நிற்கும்போதே ஒரு வண்டி கிளம்பிப் போயிற்று. அடுத்த வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில் திலீப்புக்குப் போன் செய்தான். பின்னால் மாமனார் தெலுங்கில் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. அண்ணி வரட்டும், பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம், எத்தனை பஸ் போனாலும் பரவாயில்லை என்று திலீப் சொன்னான். பரந்தாமன் அதை அவளிடம் சொன்னான். அவள் தலையை அசைத்தாள்.

ரயிலில் அவனுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர் வரிசையில் ஓர் அம்மாளின் பக்கத்தில் இடம் இருந்தது, அங்கே உட்கார்ந்தாள். அந்த அம்மாள் திருத்தணி மலைக்குப் போகிறவர். நீயும் தணிகைக்கா என்று கேட்டார். ஆங் என்றாள். வாங்கிவைத்திருந்த பூவில் ஒரு கண்ணி கிள்ளிக் கொடுத்துவிட்டு, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

"ஒண்ணு."

சொன்ன பிறகு அவள் எதிரே பரந்தாமனைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அந்த அம்மாள் பெண்ணா பையனா என்றார். பெண் என்றாள் காஞ்சனா. அதற்கு மேல் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். நன்றாகச் சாப்பிடுவாள், பல்லெல்லாம் சீக்கிரம் வந்துவிட்டது, பேச்சு ஓயாது என்றெல்லாம் சொன்னாள்.

திருத்தணியில் இறங்கி ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த கூட்டம், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, எல்லாத் திசை பஸ்களுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. நகரி வழியாகப் போகும் திருப்பதி பஸ் நிற்கிற இடத்தில், ரெண்டு பெரிய பைகளுக்கு நடுவே திலீப் நின்றிருந்தான். சிமெண்டு பெஞ்சில் சுஜாதா உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

காஞ்சனா கிட்டே போய் நின்றாள். சுஜாதா எழ முயன்றாள். எழுந்தால் குழந்தை விழித்துவிடும் என்று தயங்கி, பாதியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கன்னமெல்லாம் ஈரம்.

"இத்தினி நேரம் முழிச்சுகினுதான் இருந்தாக்கா. அம்மா எப்ப வரும், அம்மா எப்ப வரும்னு ஒவ்வொரு ஆட்டோவயும் பாத்துகினே இருந்தா. இப்பதான் தூங்குனா. எழுப்பட்டா?"

காஞ்சனா கை நீட்டிக் குழந்தையின் முதுகைத் தொட்டாள். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. அதை மெதுவாக விலக்கிவிட்டாள்.

"வாணாம்" என்றாள்.

"அக்கா, நான் வேணும்னு..."

"எழுப்பாத. எழுப்புனா என் கைய வுட்டு வர மாட்டா. பஸ்ல உனுக்குத்தான் கஷ்டம்."

பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. கை மட்டும் எழுந்து வந்து, தானாக அவள் காது மடலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. தூக்கத்தில் அதற்கு அது வேண்டும்.

பிறகு அவள் சுஜாதாவிடம் பேச ஆரம்பித்தாள். தாழ்ந்த குரலில், வேலைக்கு வந்த புது ஆளுக்குத் தறியைக் காட்டுகிற மாதிரி, ஒன்றுவிடாமல் சொன்னாள். ராத்திரி ஒரு தடவை எழுந்துகொள்வாள். விளக்குப் போடக் கூடாது, போட்டால் விடியும்வரை விளையாட்டுதான். இட்லிக்குச் சர்க்கரை கேட்பாள். சத்தம் இல்லாத வீட்டில் தூங்கிப் பழக்கமில்லை, முதல் கொஞ்ச நாள் ஃபேனைச் சத்தமாக வை. சுஜாதா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"அம்மா எங்கன்னு கேட்டா?" என்றாள் சுஜாதா.

காஞ்சனா குழந்தையைத் தோளில் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டாள்.

"பொய் சொல்லாத. அம்மையார்குப்பத்துல இருக்குது, லீவு வுட்டா போலாம்னு சொல்லு. எத்தினி தடவ கேட்டாலும் அதையே சொல்லு."

பரந்தாமன் பைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். திலீப் அவனிடம் ஏதோ சொன்னான். அவனுக்குக் காதில் விழவில்லை.

பஸ் வந்தது. திலீப்பும் மாமனாரும் பைகளைத் தூக்கிக்கொண்டு இடம் பிடிக்க ஏறினார்கள். காஞ்சனா குழந்தையோடு எழுந்தாள். பரந்தாமன் கையை நீட்டினான், தான் வாங்கி ஏற்றிவிடலாம் என்று. அவள் அவனைச் சுற்றிக்கொண்டு பஸ் படிக்குப் போனாள். முதலில் சுஜாதாவை ஏறச் சொன்னாள். அவள் இருக்கையில் உட்கார்ந்த பிறகு தானும் ஏறி, குழந்தையை அவள் மடியில் இறக்கினாள். காது மடலைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். குழந்தை சிணுங்கிற்று. சட்டென்று அந்தக் கையைச் சுஜாதாவின் காதில் வைத்தாள். விரல்கள் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டன. சிணுங்கல் நின்றது.

கண்டக்டர் விசிலடிக்க, காஞ்சனா இறங்கினாள்.

பஸ் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகும் அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். பரந்தாமன் கிட்டே போனான். மத்தியானம் சாப்பிடாமல் எழுந்துவிட்டாள் என்பது நினைவு வந்தது. ஏதாவது சாப்பிடுறியா என்று கேட்டான்.

"நேத்தே சொல்லியிருந்தா முழிச்சுகினு இருக்கும்போதே குடுத்திருப்பேன் பாவா. அழுதிருப்பா. நானும் அழுதிருப்பேன். ஆனா அம்மாதான் தூக்கிக் குடுத்தான்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். இப்ப தூங்கி எழுந்து பாத்துட்டு, நான் வரவே இல்லன்னு நெனப்பா."

அவன் வாயைத் திறந்தான்.

"எனக்குக் குடுக்கத் தெரியாதுன்னு நெனச்சிட்டீங்க" என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆர்.கே. பேட்டை வழியாக ஊருக்குப் போகும் பஸ் நின்றிருந்தது. அவள் முன்பக்கம் ஏறி, பெண்கள் இருக்கையில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பரந்தாமன் பின்பக்கம் ஏறினான். பாதி பஸ் காலியாக இருந்தது. கண்டக்டர் உட்காருங்க என்றார். ரெண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு, அவளுடைய தலை தெரிகிற இடத்தில் கம்பியைப் பிடித்தபடி, ஊர்வரைக்கும் நின்றுகொண்டே வந்தான்.